நடைதூரப் பலகோணம் வரைய எந்த மென்பொருள்? கியூஜிஐஎஸ் முதல் வால்ஹல்லா வரை

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. அதை ஒட்டித் தமிழ்நாடு வகுத்த விதிகளின்படி 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கான பள்ளி 1 கி.மீ. நடைதூரத்துக்குள்ளும், 6 முதல் 8 வரைக்கான பள்ளி 3 கி.மீ. நடைதூரத்துக்குள்ளும் இருக்க வேண்டும். இதை வரைபடத்தில் காட்டச் சொன்னால் பலரும் செய்வது, பள்ளியின் மேல் ஒரு புள்ளி வைத்து 1 கி.மீ. ஆரத்தில் வட்டம் போடுவது. இரண்டு சொடுக்கில் வேலை முடிந்துவிடும். நடந்து வரும் குழந்தைக்கும் அந்த வட்டத்துக்கும்தான் சம்பந்தம் இருக்காது.

வட்டத்தின் பரப்பு 3.14 சதுர கி.மீ. தெருக்கள் எல்லாம் நெடுக்கும் குறுக்குமாக நேராக ஓடும் ஊரில்கூட, 1 கி.மீ. நடந்து எட்டக்கூடிய இடம் முனையில் நிற்கும் ஒரு சதுரமாகத்தான் வரும். அதன் பரப்பு 2 சதுர கி.மீ., அதாவது வட்டத்தில் ஏறக்குறைய 64 விழுக்காடு. இது தடையே இல்லாத ஊரின் கணக்கு. சென்னைக்கு வாருங்கள். அடையாற்றின் தென்கரையில் கோட்டூர்புரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். வட்டம் ஆற்றைத் தாண்டி வடகரையின் போட் கிளப் பகுதிக்குள் நுழைந்துவிடும். அங்கிருந்து நடந்து வர வேண்டுமானால் மேற்கே கோட்டூர்புரம் பாலம், கிழக்கே திரு.வி.க. பாலம், இரண்டில் ஒன்றைச் சுற்றித்தான் வர முடியும். தெற்கே போனால் ஐஐடி வளாகம், அதை ஒட்டி ஏறத்தாழ 2.7 சதுர கி.மீ. பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்கா. குறுக்கே நடக்க முடியாது.

ஆகவே சாலை வலையமைப்பின் வழியே தூரத்தை அளந்து, அது முடியும் இடங்களைச் சேர்த்துப் பலகோணமாக்க வேண்டும். சேவைப் பரப்பு என்று சொல்வது இதைத்தான். காசு கொடுக்காமல் செய்யக் குறைந்தது ஆறேழு வழிகள் இருக்கின்றன. எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம். மென்பொருள்களின் பெயர்களை வரிசையாக வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்கக் கிளம்பினால் குழப்பம் தீராது என்பது என் எண்ணம். முதலில் வேறொன்றை முடிவு செய்ய வேண்டும்.

கோடு எப்படிப் பலகோணமாகிறது?

சாலை வழியே தூரம் அளக்கும் கணக்கில் இந்த மென்பொருள்களுக்குள் பெரிய வேறுபாடு கிடையாது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட குறும்பாதை முறையையோ அதன் வழிவந்த ஒன்றையோதான் எல்லாமே ஓட்டுகின்றன. ஒரே சாலைத் தரவைக் கொடுத்தால், எந்தச் சந்திப்பு எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பதில் எல்லாம் ஏறக்குறைய ஒத்துப்போகும். அப்படியும் அவை தரும் பலகோணங்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபடும். கணக்கின் விடை கோடுகளும் புள்ளிகளும்தானே? அவற்றைச் சுற்றி எல்லை போடும் இடத்தில்தான் ஒவ்வொன்றும் தன் விருப்பத்துக்குப் போகிறது.

எளியது கான்வெக்ஸ் ஹல். எட்டிய புள்ளிகள் அனைத்தையும் வெளியே ஒரு ரப்பர் பேண்டால் சுற்றியது போல வரும். கோட்டூர்புரம் பள்ளிக்கு இதைப் போட்டால், பாலத்தைத் தாண்டி வடகரையில் எட்டிய சில புள்ளிகளுக்கும் தென்கரையின் கிழக்குமுனைக்கும் இடையே நேர்கோடு விழும். நடுவில் உள்ள ஆறும், எட்டவே முடியாத வடகரை வீடுகளும் உள்ளே வந்துவிடும். பள்ளி, ரேஷன் கடை, சுகாதார நிலையம் என்று யாருக்கு உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்று சொல்லப் பயன்படும் வரைபடத்தில் இதை நான் தொடவே மாட்டேன்.

அடுத்தது கான்கேவ் ஹல், ஆல்ஃபா ஷேப் வகையறா. எல்லை உள்வாங்கவும் அனுமதிக்கும். பார்க்க அழகாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், எவ்வளவு உள்வாங்கலாம் என்பதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் 0-இலிருந்து 1 வரை. 0.3-க்கு ஒரு பலகோணம், 0.2-க்கு இன்னொன்று. தெரு நெருக்கமான திருவல்லிக்கேணிக்குப் பொருந்தும் எண், தெரு விரிந்து கிடக்கும் சோழிங்கநல்லூருக்குப் பொருந்தாது. “ஏன் 0.3?” என்று யாராவது கேட்டால் சொல்ல நம்மிடம் பதில் இருக்காது. இன்னொன்று, எல்லைப் புள்ளிகளை மட்டும் வைத்து ஹல் போட்டால் கோணல்மாணலாக வரும். எட்டிய சாலைகளின் மேல் 20 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று இட்டு, அந்தப் புள்ளிகள் அனைத்தையும் கொடுத்தால் ஓரளவு தேறும்.

மூன்றாவது, ஒவ்வொரு புள்ளிக்கும் தூரத்தை ஓர் உயரம் போலக் கருதி, இடையில் உள்ள இடத்தை நிரப்பி, மலைப்பகுதி வரைபடத்தில் சமவுயரக் கோடு வரைவது போல 500 மீட்டர், 1,000 மீட்டர் என்று கோடு வரைவது. 5, 10, 15 நிமிடப் பட்டைகளாக வண்ணம் தீட்ட இதுதான் வசதி. நிரப்பும்போது ஆறு தெரியாது என்பது இதன் குறை. தென்கரையில் 300 மீட்டர், நேர் எதிரே வடகரையில் 2,500 மீட்டர் என்றால், நடு ஆற்றில் 1,400 மீட்டர் என்று கூசாமல் எழுதிவிடும்.

நான்காவதுதான் என் தேர்வு. எட்டிய சாலைக் கோடுகளின் இருபுறமும் 30 முதல் 50 மீட்டர் வரை பஃபர், அதாவது ஓரப்பட்டை, போட்டு ஒன்றாக்குவது. பொதுச் சுகாதார ஆய்வுகளில் இதற்கு சாசேஜ் பஃபர் என்றே பெயர் உண்டு. அழகு குறைவுதான், விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் “எட்டிய தெருவிலிருந்து 40 மீட்டருக்குள் உள்ள வீடுகள்” என்று ஒரே வரியில் விளக்கிவிடலாம். எந்த மென்பொருளில் செய்தாலும் ஒரே வடிவம் வரும். தெருக்களுக்கு நடுவே விழும் சின்னச் சின்ன ஓட்டைகளை, 5,000 சதுர மீட்டருக்குக் குறைந்தவற்றை மட்டும் அடைத்துவிடலாம். கிண்டிப் பூங்கா அளவுக்குப் பெரிய ஓட்டை அப்படியே நிற்கும், நிற்கவும் வேண்டும். அடையாற்றுக்கு 40 மீட்டர் பஃபர் தாண்டாது. பக்கிங்காம் கால்வாயின் குறுகலான இடங்களில் தாண்டும். அதற்கு நீர்நிலைப் பலகோணத்தை வெட்டி எடுத்து, துண்டாகி எதிர்க்கரையில் நிற்கும் பகுதிகளையும் நீக்க வேண்டும். ரயில் பாதைக்கும் இதே சிகிச்சைதான்.

இதைத் தீர்மானித்துவிட்டால் மென்பொருள் தேர்வு பாதி முடிந்த மாதிரி. பஃபர் போதும் என்றால் கியூஜிஐஎஸ் ஒன்றே போதும். பட்டைகள் வேண்டும், நூற்றுக்கணக்கான இடங்கள் இருக்கின்றன, பைக்கில் போகும் நேரம் வேண்டும் என்றெல்லாம் கேட்டால்தான் மற்றவை தேவைப்படும்.

கியூஜிஐஎஸ்ஸில் இருப்பதை வைத்தே

கேரி ஷெர்மன் 2002-இல் தொடங்கிய கியூஜிஐஎஸ், 2018-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து வலையமைப்புப் பகுப்பாய்வைத் தன் பிராசஸிங் கருவிப்பெட்டியிலேயே வைத்திருக்கிறது. ‘சர்வீஸ் ஏரியா ஃப்ரம் லேயர்’ என்ற கருவிக்குச் சாலை லேயரையும் (சாலைக் கோடுகள் உள்ள தரவு அடுக்கு) பள்ளிப் புள்ளிகளையும் கொடுத்து, தூரம் 1,000 என்று எழுதினால், ஒவ்வொரு பள்ளிக்கும் எட்டும் சாலைகள் தனித்தனிக் கோட்டுத் தொகுப்பாக வரும். பலகோணம் வராது. பலகோணம் எங்கே என்று தேடிச் சலித்துவிட்டு, இது பாதியில் விடப்பட்ட கருவி என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ இது நல்லதுதான் என்று படுகிறது. எல்லையை எப்படிப் போடுவது என்ற முடிவு நம் கையில் இருக்கிறது. சாலையின் நடுவில் தூரம் தீர்ந்தால் அந்த இடத்திலேயே கோட்டை வெட்டித் தருகிறது என்பதும் பெரிய விஷயம். இதைச் செய்யாத கருவிகள் கீழே வருகின்றன.

தவறு நேரும் இடங்கள் சில உண்டு. எல்லாம் தரவைத் தயார் செய்வதில்தான். முதலாவது, அலகு. குறைந்த தூரம் என்ற முறையைத் தேர்ந்தால் எண் லேயரின் அலகில் இருக்க வேண்டும். வேகமான பாதை என்று மாற்றினால் அதே பெட்டி மணிக்கணக்கை எதிர்பார்க்கும். 15 நிமிடம் என்றால் 0.25 என்று எழுத வேண்டும். மறந்துபோய் 15 என்று எழுதினால், மணிக்கு 50 கி.மீ. என்ற அதன் இயல்பு வேகத்தில் 750 கி.மீ. போய், சென்னைப் பள்ளியின் சேவைப் பரப்பு கன்னியாகுமரியைத் தொட்டுவிடும். சாலை லேயரை முதலில் மீட்டரில் அளக்கும் யூடிஎம் ஆயமுறையின் மண்டலத்துக்கு மாற்றிவிட்டால் மீட்டரில் நிம்மதியாக வேலை செய்யலாம். சென்னை மண்டலத்தின் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 32644. மண்டல எல்லை 78 பாகைத் தீர்க்கரேகையில் போவதால் கோயம்புத்தூருக்கு 32643.

இரண்டாவது, சந்திப்புகள். இரண்டு சாலைகள் ஒரே புள்ளியைப் பகிர்ந்துகொண்டால்தான் அங்கே திரும்ப முடியும் என்று மென்பொருள் எண்ணும். யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் பெரும்பாலும் அது ஒழுங்காக இருக்கும். அலுவலகங்களில் கிடைக்கும் ஷேப்ஃபைல் என்ற வரைபடத் தரவுக் கோப்புகளில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப்போகும், புள்ளி இருக்காது. சரி, வெட்டும் இடமெல்லாம் பிளந்துவிடலாம் என்று ‘ஸ்பிளிட் வித் லைன்ஸ்’ போட்டால் மேம்பாலங்கள் கீழ்ச்சாலையோடு ஒட்டிக்கொள்ளும். கத்திப்பாரா மேம்பாலச் சந்திப்பில் இதைச் செய்து பாருங்கள்: மேலே போகும் சாலையிலிருந்து கீழே குதிக்கலாம் என்று கணக்கு சொல்லும். பாலம் என்று குறிக்கப்பட்ட கோடுகளைப் பிரித்து வைத்துவிட்டு மற்றதை மட்டும் பிளக்க வேண்டும்.

மூன்றாவது, சாலையின் வகை கியூஜிஐஎஸ்ஸுக்குத் தெரியாது. நடக்க முடியாத விரைவுச்சாலைகளை நாம்தான் வடிகட்ட வேண்டும். தனியார் வளாகச் சாலைகளையும் அப்படியே. ஐஐடி வளாகத்துக்குள் ஓடும் சாலைகளை விட்டுவைத்தால், வாயிற்காவலரை மதிக்காமல் பலகோணம் உள்ளே போய்விடும். நடப்பவருக்கு ஒருவழிப் பாதை பொருட்டில்லை, அதைக் குறிக்கும் தரவுப் பத்தியைக் கொடுக்கவே வேண்டாம். ஊருக்கு மட்டும் சாலையை வெட்டி எடுப்பதாக இருந்தால் எல்லைக்கு வெளியே கேட்கும் தூரத்தைவிட அதிகமாக ஓரம் விடுங்கள். ஊரெல்லையில் உள்ள பள்ளிக்கு வருபவர் பக்கத்து ஊர்ச் சாலையைச் சுற்றி வரலாம்.

புள்ளி எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கருவி அதை அருகில் உள்ள சாலையோடு ஒட்டும். பெரிய மைதானமுள்ள பள்ளியின் நடுவில் புள்ளி வைத்தால் பின்சுவரை ஒட்டிய தெருவில் போய் ஒட்டிக்கொள்ளும், பள்ளி வாசலோ எதிர்ப்பக்கம் இருக்கும். வாசலில் புள்ளி வையுங்கள். இரண்டு வாசல் என்றால் இரண்டு புள்ளிகள்.

ஒரு மாநகராட்சியின் பள்ளிகளுக்கு ஒருமுறை வரைபடம் போட வேண்டும், நடைதூரம், இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும் என்றால் இதற்கு மேல் எதையும் தேட வேண்டியதில்லை.

கியூநீட்3

வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கிளெமன்ஸ் ராஃப்ளர் கியூஜிஐஎஸ்ஸுக்காக எழுதிய ப்ளகின் (துணைநிரல்) இது. மேலே மூன்றாவதாகச் சொன்ன முறை: புள்ளிகளைக் கணக்கிட்டு, முக்கோணங்களால் நிரப்பி, ராஸ்டராகவோ (சிறு கட்டங்களாலான படம்) சமதூரக் கோடாகவோ பட்டைப் பலகோணமாகவோ தரும். பள்ளியிலிருந்து சாலை வரைக்குமான தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. கியூஜிஐஎஸ்ஸின் சொந்தக் கருவி சாலையில் ஒட்டிய பிறகுதான் எண்ணத் தொடங்கும். ஓரிரு இடங்களுக்கு அழகான பட்டை வரைபடம் வேண்டும், ஆறு குறுக்கே இல்லை என்றால் எடுக்கலாம். புள்ளிகள் கூடக்கூட மெதுவாகும். கேட்கும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக ஓட்டிவிட்டு, வேண்டிய பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டால் ஓரம் சீராக வரும். தனி ஆள் முயற்சியில் உருவான ப்ளகின் என்பதால் உங்கள் கியூஜிஐஎஸ் பதிப்பில் ஓடுகிறதா என்று சோதித்துவிட்டு நம்புங்கள்.

ஓப்பன்ரூட்சர்வீஸும் வால்ஹல்லாவும்

இவை வேறு ஜாதி. சாலைத் தரவை நீங்கள் தயார் செய்ய வேண்டாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் முழுவதையும் படித்து, எது நடைபாதை, எது விரைவுச்சாலை, எங்கே ஒருவழி என்று ஏற்கெனவே புரிந்துவைத்திருக்கும் சர்வரிடம் புள்ளியைக் கொடுத்தால் பலகோணமே வந்துவிடும்.

ஓப்பன்ரூட்சர்வீஸ் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் வளர்ந்தது. கியூஜிஐஎஸ்ஸுக்குள் ஓஆர்எஸ் டூல்ஸ் என்ற ப்ளகினாக வருகிறது. பதிவு செய்து சாவி (சேவையை அணுகும் குறியீடு) வாங்கிக்கொண்டால் சில நிமிடங்களில் முதல் பலகோணம் திரையில். புதியவருக்கு இதைவிட எளிய தொடக்கம் கிடையாது. நடை, சைக்கிள், கார், லாரி, சக்கர நாற்காலி என்று வகைகள் உண்டு. சக்கர நாற்காலிக்குத் தனியாகக் கணக்கிடும் வசதி மற்ற பலவற்றில் கிடைக்காது. நம் ஊரில் அந்தக் கணக்குக்கு வேண்டிய நடைபாதைத் தகவல் தரவில் பெரும்பாலும் இல்லை என்பது வேறு வருத்தம்.

இலவசச் சேவைக்கு நாள் வரம்பு உண்டு. நாலைந்து இடங்களுக்குப் போதும், மாவட்டம் முழுவதன் பள்ளிகளுக்குப் போதாது. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அவர்கள் சர்வரில் இருக்கும் தரவுதான் ஓடும். உங்களிடம் புறநகர்ச் சந்துகளின் அருமையான அளவீடு இருந்தாலும் அதைக் கொடுக்க வழியில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்தினாலும், அவர்கள் தங்கள் வலையமைப்பை அடுத்தமுறை புதுப்பிக்கும் வரை காத்திருக்க வேண்டும். மென்பொருளைப் பொதியாக இறக்கி ஓட்ட உதவும் டாக்கர் வழியாகச் சொந்தக் கணினியில் நிறுவிக்கொண்டால் இரண்டு தடையும் நீங்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பகுதி பகுதியாகத் தரும் ஜியோஃபாப்ரிக் தளத்தில் இந்தியாவின் தென்மண்டலத் தரவு தனிக்கோப்பாகவே கிடைக்கிறது. ஆனால் அந்த அளவுக்கு இறங்குவதென்றால் நான் வால்ஹல்லாவைத்தான் நிறுவுவேன்.

வால்ஹல்லா மேப்சென் நிறுவனத்தில் பிறந்தது. 2018-இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. மென்பொருள் யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற எம்ஐடி உரிமத்தில் வெளியாகியிருந்ததால் பிழைத்துக்கொண்டு இன்றுவரை வளர்ந்துவருகிறது. கார், சைக்கிள், நடையோடு மோட்டார் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் என்று தனித்தனி வகைகள் வைத்திருப்பதுதான் நம்மைப் போன்ற ஊர்களுக்கு இதன் பெரிய கவர்ச்சி. மருந்துக்கடை, கேஸ் ஏஜென்ஸி, வங்கிக்கிளை எதற்குச் சேவைப் பரப்பு வரைந்தாலும் நம் ஆட்கள் பாதிப்பேர் ஸ்கூட்டரில்தான் போகிறார்கள். காருக்கான பலகோணம் அவர்களுக்குப் பொருந்தாது.

பலகோணத்தை எப்படிப் போடுகிறது? இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எட்டும் நேரத்தைக் குறித்து, அதிலிருந்து சமநேரக் கோடு வரைகிறது. ‘டீநாய்ஸ்’ என்று ஒரு அமைப்பு உண்டு. அதை 1 என்று வைத்தால் இருப்பதிலேயே பெரிய துண்டை மட்டும் தரும், சின்னத் தீவுகளை வீசிவிடும். இயல்பாகவே அது 1-தான். ஆற்றின் மறுகரையில் பாலம் வழியே உண்மையிலேயே எட்டக்கூடிய ஒரு சிறு பகுதி தனித்தீவாக வந்தால் சத்தமில்லாமல் காணாமல் போகும். அங்கே குடியிருப்பவர் கணக்கிலிருந்தே விழுந்துவிடுவார். 0 என்று வைத்து ஒருமுறை ஓட்டி, எது குப்பை எது உண்மை என்று கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

போகும் திசை பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். நடைக்கு இது பொருட்டில்லை. 108 ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்திலிருந்து 10 நிமிடத்தில் எட்டும் பகுதியும், 10 நிமிடத்தில் மருத்துவமனைக்கு வந்து சேரக்கூடிய பகுதியும் ஒருவழிச் சாலைகள் நிறைந்த ஊரில் வேறுவேறு. வால்ஹல்லாவில் ‘ரிவர்ஸ்’ என்று ஒரு வார்த்தை, ஓப்பன்ரூட்சர்வீஸில் இடம் தொடக்கமா சேருமிடமா என்று ஒரு தேர்வு. கியூஜிஐஎஸ்ஸில் ஒருவழிப் பத்தியின் திசைகளை நாமே தலைகீழாக்க வேண்டும்.

நேரக் கணக்கை எவ்வளவு நம்பலாம்? நடைக்கு நம்பலாம். இரண்டுமே மணிக்கு 5 கி.மீ. அளவில்தான் எடுத்துக்கொள்கின்றன, 1 கி.மீ.க்கு 12 நிமிடம். வண்டிக்கு வேகம் சாலை வகையை வைத்து யூகித்ததுதான். காலை 9 மணிக்கு அண்ணா சாலை எப்படி இருக்கும் என்று அவற்றுக்குத் தெரியாது. போக்குவரத்து நெரிசல் தரவு உங்களிடம் இருந்தால் வால்ஹல்லாவுக்கு ஊட்டலாம். அது யாரிடம் இருக்கிறது? ஆகவே சென்னைக்குள் கார் நேரப் பலகோணத்தை அறிக்கையில் போடுவதைவிடத் தூரப் பலகோணத்தைப் போட்டுவிட்டு அமைதியாக இருப்பது மேல்.

வேகமான பாதை காட்டுவதில் பேர்பெற்ற ஓஎஸ்ஆர்எம்மையும் சிலர் இதற்காக நிறுவுகிறார்கள். அதில் சேவைப் பரப்புக்கான வசதியே கிடையாது, நேர அட்டவணைதான் தரும். அதே வகை மென்பொருளான கிராஃப்ஹாப்பரில் அந்த வசதி உண்டு.

பிஜிரவுட்டிங்: வேலை மாதாமாதம் வருமானால்

காம்ப்டோகாம்ப் நிறுவனத்தில் பிஜிடைக்ஸ்ட்ரா என்று தொடங்கி, ஜப்பானின் ஆர்க்னி நிறுவனம் விரிவாக்கிய பிஜிரவுட்டிங், இடத் தரவுகளைச் சேமிக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தோடு சேர்ந்து ஓடுவது. சாலை, பள்ளி, மக்கள்தொகை எல்லாம் ஒரே இடத்தில் அட்டவணைகளாக இருக்கும். புதிய பள்ளி சேர்ந்தால், பாலம் திறந்தால், ஒரு வரி மாற்றி மறுபடி ஓட்டினால் போதும். யார் எப்போது எந்த எண்ணை வைத்து ஓட்டினார்கள் என்பது தரவுத்தளக் கட்டளைகள் உள்ள எஸ்க்யூஎல் கோப்பில் அப்படியே பதிவாகியிருக்கும். இதைக் கற்றுக்கொள்ள எடுக்கும் நாட்களை ஒருமுறை வேலைக்காகச் செலவிடுவது வீண். ஒவ்வொரு கல்வியாண்டும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய அலுவலகத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இதன் ‘டிரைவிங் டிஸ்டன்ஸ்’ சார்பு ஒரு விஷயத்தில் ஏமாற்றும். எட்டிய சந்திப்புகளை மட்டும்தான் தரும். 900 மீட்டரில் ஒரு சந்திப்பு, அடுத்தது 1,150 மீட்டரில் என்றால் இடையில் உள்ள 100 மீட்டர் கணக்கிலேயே வராது. நகரத்தில் சந்திப்புகள் நெருக்கமாக இருப்பதால் தெரியாது. கிராமத்தில் ஊரைத் தாண்டிப் போகும் ஒற்றைச் சாலையில் அரைக் கிலோமீட்டர் வரைகூட விட்டுப்போகும். சாலைகளை முன்கூட்டியே 50 மீட்டர் துண்டுகளாக வெட்டி வைத்தால் தீர்ந்துவிடும், அட்டவணை பெரிதாகும், அவ்வளவுதான். பைத்தான் நிரல்மொழியில் வேலை செய்பவர்கள் விரும்பும் ஓஎஸ்எம்என்எக்ஸ், நெட்வொர்க்எக்ஸ் என்ற நிரலக ஜோடிக்கும் இதே குறை, இதே மருந்து. ஜெஃப் போயிங் எழுதிய ஓஎஸ்எம்என்எக்ஸ் ஒரு ஊரின் நடைபாதை வலையமைப்பை ஒரே வரியில் இறக்கித் தருகிறது. ஆய்வு மாணவர்களுக்கு, பத்து ஊர்களை ஒப்பிட வேண்டியவர்களுக்கு, நான் பிஜிரவுட்டிங்குக்குப் பதில் அதைத்தான் சொல்வேன்.

பேருந்தும் ரயிலும் சேர்ந்த பயணத்துக்கு மேலே உள்ளவற்றை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். கால அட்டவணை ஜிடிஎஃப்எஸ் என்ற பொதுக் கோப்பு வடிவில் கையில் இருந்தால் கன்வேயல் நிறுவனத்தின் ஆர்5 மென்பொருள் இருக்கிறது, ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழிக்காரர்களுக்கு அதையே எளிதாக்கும் ஆர்5ஆர் இருக்கிறது. அட்டவணை இல்லையென்றால் எதுவும் இல்லை.

கிராஸ்: கேள்வி மாறும்போது

“இந்தப் பள்ளிக்கு 1 கி.மீ.யில் யார் இருக்கிறார்கள்?” என்பது ஒரு கேள்வி. “இந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளி பக்கம்?” என்பது வேறு. இரண்டாவதற்குப் பலகோணங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது. அமெரிக்க ராணுவத்தின் கட்டுமான ஆய்வகத்தில் 1980-களில் பிறந்த கிராஸ் என்ற இலவச வரைபட மென்பொருள், இந்த வேலையில் இன்றும் கெட்டிக்காரர். அதன் ‘வி.நெட்.அலோக்’ ஒவ்வொரு சாலைத் துண்டையும் சாலை வழியே நெருங்கிய பள்ளிக்கு ஒதுக்கிவிடும். ரேஷன் கடைக்கு அட்டைகளைப் பிரிப்பது, வாக்குச்சாவடிக்குத் தெருக்களை ஒதுக்குவது போன்றவற்றுக்கு இதுதான் பொருத்தம். ‘வி.நெட்.ஐசோ’ தூரப் பட்டைகளைத் தரும், ஆனால் எல்லாப் பள்ளிகளையும் சேர்த்து, எது பக்கமோ அதிலிருந்து எண்ணும். ஒவ்வொரு பள்ளிக்கும் தனிப்பலகோணம் எதிர்பார்த்துப் போனால் கிடைக்காது. கிராஸைத் தனியாகத் திறந்து பயந்துபோக வேண்டாம், கியூஜிஐஎஸ் வழியாகவே கூப்பிடலாம்.

எந்தக் கருவியை எடுத்தாலும் முதல் பலகோணம் வந்தவுடன் நான் பார்ப்பது கடக்கும் இடங்களைத்தான். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை போகும் புறநகர் ரயில் பாதையை எடுத்துக்கொண்டால், ஒரே ஒரு சுரங்கப்பாதையோ நடைமேம்பாலமோ தரவில் விடுபட்டிருந்தால் பலகோணம் தண்டவாளத்தோடு நின்றுவிடும். எல்லை ஏன் நேர்கோடாக வெட்டுப்பட்டு நிற்கிறது என்று செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்துப் பாருங்கள். பாலம் உண்மையில் இருந்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே சேர்த்துவிடலாம். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். சொந்தத் தரவை ஊட்ட முடியாத சேவைகளை நான் கடைசியில் வைப்பதற்கு இதுவும் காரணம்.

மலையூர்களுக்கு மட்டும் மேலே சொன்ன எதுவும் சரிவராது. கொல்லிமலையிலோ ஜவ்வாதுமலையிலோ ஆட்கள் நடப்பது வரைபடத்தில் இல்லாத ஒற்றையடிப் பாதைகளில். சாலை வலையமைப்பை மட்டும் நம்பினால் பக்கத்துக் குடியிருப்பு பத்துக் கிலோமீட்டர் தள்ளிப்போகும். அங்கே வலையமைப்பை விட்டுவிட்டு, கிராஸின் ‘ஆர்.வாக்’ போன்ற ராஸ்டர் முறைக்குப் போக வேண்டும். உயரத் தரவை எடுத்து, ஏற்றத்தில் மெதுவாக, லேசான இறக்கத்தில் வேகமாக என்று ஒவ்வொரு கட்டத்தையும் கடக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். காடு, வயல், சாலை என ஒவ்வொன்றுக்கும் வேறு எடை கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆக்சஸ்மோட் இதே வேலையைச் சுகாதார நிலையங்களுக்காகச் செய்யும் திறமூல மென்பொருள். அதன் ஐந்தாம் பதிப்பு உள்ளே கிராஸையும் ஆர் மொழியையும்தான் பயன்படுத்துகிறது. ஓடை, பாறைச்சரிவு போன்ற தடைகளை நீங்களே வரைந்து கொடுக்க வேண்டும், அதற்கு அந்த ஊர் ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.